பிழை திருத்தும் உரிமை: நுண்கட்டுப்படுத்தித் தேர்வின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் பக்கம் நின்றே எழுதுவர். எந்த நிறுவனம் எந்த ஆண்டில் எதனை வெளியிட்டது என்பதே அவ்வரலாற்றின் பொருளாகின்றது. ஆயின், ஆக்கப்பட்டவற்றுள் ஒன்றைக் கைக்கொண்டு ஏனையவற்றை ஒதுக்கியோருக்கும் ஒரு வரலாறு உண்டு. இலத்திரனியலைத் தொழிலாகக் கொள்ளாது ஆர்வத்தாற் பயில்வோர் கடந்த அரை நூற்றாண்டில் எந்நுண்கட்டுப்படுத்தியைத் தேர்ந்தனர், எதன்பொருட்டுத் தேர்ந்தனர் என்னும் வினா அத்தகைய வரலாற்றைச் சார்ந்ததாகும்.

கணிக்கும் பகுதி, நினைவகம், புறத்தோடு தொடர்புகொள்ளும் வாயில்கள் ஆகிய மூன்றும் ஒரே சில்லில் அமைந்ததே நுண்கட்டுப்படுத்தி எனப்படும். அமெரிக்காவின் ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனத்தில் கரி பூன், மைக்கல் கொக்ரன் ஆகிய பொறியியலாளர் 1971இல் உருவாக்கிய கணிப்பான் சில்லின் வழிவந்த ரி.எம்.எஸ். 1000, 1974இல் விற்பனைக்கு வந்தது. அது 4 பிற்றுச் சில்லு. அதன் செய்நிரல் தொழிற்சாலையிலேயே சில்லிற் பதிக்கப்பட்டது. பதிக்கப்பட்டபின் ஓர் எழுத்தையேனும் மாற்றுதல் இயலாது. பெருந்தொகையாகக் கணிப்பான்களையும் விளையாட்டுப் பொருள்களையும் செய்வோர்க்கே இம்முறை பொருந்தும். ஒரேயொரு பொருளைத் தன் மேசையிற் செய்து பார்க்க விரும்பியவனுக்கு அச்சில்லு இருந்தும் இல்லாததே.

1976இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 8048 குடும்பத்தில் 8748 என்னும் வகை இக்கதவைச் சிறிது திறந்தது. அதன் முதுகில் ஒரு சிறு குவாட்ஸ் சாளரம் இருந்தது. அதனூடாக ஊதாக்கடந்த ஒளியைச் செலுத்திப் பழைய செய்நிரலை அழித்து, மின்னழுத்தத்தாற் புதியதை எழுதலாம். 1980இல் வந்த 8051 இதனினும் ஆற்றல் மிக்கது. 4 கிலோபைற்றுச் செய்நிரல் நினைவகமும் 128 பைற்றுத் தற்காலிக நினைவகமும் 32 வாயிற் கம்பிகளும் அதற்கு உண்டு. பல நிறுவனங்கள் உரிமம் பெற்று அதனை ஆக்கின; பொறியியற் பாடத்திட்டங்களிலும் அது நிலைபெற்றது. எனினும், அதனை வீட்டிற் பயன்படுத்த முனைந்தவன் இரு வழிகளுள் ஒன்றையே தெரிய வேண்டியிருந்தது. சாளரமுள்ள விலையுயர்ந்த வகையை வாங்கி, அழிப்பதற்கொரு விளக்கையும் எழுதுவதற்கொரு கருவியையும் தேடவேண்டும். அன்றேல் உள் நினைவகமற்ற 8031ஐ வாங்கி, புற நினைவகச் சில்லையும் முகவரியைப் பிடித்துவைக்கும் சில்லையும் உடனிணைக்க வேண்டும். எவ்வழிச் செல்லினும் ஒரு பிழையைத் திருத்தச் சில்லைக் கழற்றி விளக்கின்கீழ்ப் பல நிமிடங்கள் காத்திருத்தல் தவிர்க்கவியலாததாயிற்று.

இந்நிலை மாறிய ஆண்டு 1993 எனலாம். ஜெனரல் இன்ஸ்ருமென்ற் நிறுவனம் தனது சி.பி. 1600 என்னும் நுண்செயலிக்குத் துணையாக எழுபதுகளில் அமைத்த எளிய சில்லே பிக் என்பது. அத்துறை பின்னர் பிரிந்து மைக்றோசிப் என்னும் நிறுவனமாயிற்று. அந்நிறுவனம் 1993இல் வெளியிட்ட பிக் 16சி84, அளவுகோல்களின்படி நோக்கின் 8051இனும் வறியது. 1024 கட்டளைகளுக்கு மட்டுமே அதில் இடமுண்டு; தற்காலிக நினைவகமோ 36 பைற்று. ஆயினும், அதன் செய்நிரலை மின்னாலேயே அழித்து மின்னாலேயே எழுதலாம். சாளரமும் விளக்கும் வேண்டியதில்லை. எழுதுவதற்கான தரவு இரு கம்பிகளின் வழியே தொடராகச் சென்றமையால், கணினியின் அச்சுப்பொறி வாயிலோடு சில உறுப்புகளைப் பற்றாசு பிடித்து எழுதுகருவியை வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளவும் முடிந்தது. ஆர்வலர் உலகம் 16சி84இன்பாற் பெருமளவு திரும்பியமைக்குக் காரணம் இதுவே. நினைவகம் குறைந்த சில்லொன்று நினைவகம் நிறைந்த சில்லை இத்துறையில் வென்றமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

விலையே தேர்வைத் தீர்மானித்தது என்பார் உளர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அது முழு உண்மையன்று. கலிபோர்னியாவின் பரலக்ஸ் நிறுவனம் 1992இல் வெளியிட்ட பேசிக் ஸ்ராம்ப் என்னும் சிறுபலகையின் உள்ளே இருந்ததும் ஒரு பிக் சில்லே. அச்சில்லைத் தனியே வாங்குவதினும் பலகையின் விலை பன்மடங்காகும். அவ்வாறிருந்தும் பலர் அதனை நாடினர். பேசிக் மொழியில் எழுதி, கணினியிலிருந்து ஒரு வடத்தின்வழி ஏற்றி, பிழை கண்டால் உடனே திருத்தி மீள ஏற்றலாம் என்னும் வசதிக்கே அவர் பணம் கொடுத்தனர்.

இவ்வசதியையும் மலிவையும் ஒருங்கிணைத்த முயற்சி இத்தாலியில் நிகழ்ந்தது. நோர்வேயின் துரண்ட்ஹைம் நகரில் அல்ஃப்-ஏகில் பூகன், வேகார்ட் வொல்லான் என்னும் இரு மாணவரின் சிந்தனையிற் பிறந்து, அற்மெல் நிறுவனத்தாற் சந்தைக்கு வந்த ஏ.வி.ஆர். குடும்பம் அதற்கு அடிப்படையாயிற்று. தட்டச்சுப் பொறியாற் புகழ்பெற்ற ஒலிவெற்றி நிறுவனத்தின் ஊரான இவ்ரேயாவில் இயங்கிய வடிவமைப்பு நிறுவகமொன்றில், கொலம்பியரான ஹெர்னாண்டோ பராகான் 2003இல் தமது பட்டமேற்படிப்பு ஆய்வாக வயரிங் என்னும் அமைப்பை ஆக்கினார். பொறியியல் பயிலாத வடிவமைப்பு மாணவர்க்கென எழுந்தது அது. அவ்வடித்தளத்தின்மீது 2005இல் மசிமோ பன்சி, டேவிட் குவார்த்தியேயெஸ், டேவிட் மெலிஸ் முதலியோர், விலை குறைந்த ஏ.ரி.மெகா 8 சில்லைக் கொண்டு ஆர்டுயினோவை அமைத்தனர். சில்லினுள் முன்னரே இட்ட சிறு செய்நிரலொன்று புதிய செய்நிரலைத் தானே பெற்று எழுதிக்கொள்ளும். ஆதலின் தனி எழுதுகருவி வேண்டாதாயிற்று. பலகையின் வரைபடத்தையும் அவர்கள் யாவர்க்கும் திறந்துவிட்டனர். ஆர்டுயினோவைப் போற்றுவோர் வயரிங்கை மறத்தல் வரலாற்றுக்கு நேர்மையாகாது.

பின்னைய மாற்றங்கள் விரைந்து வந்தன. 2014இல் ஷங்காயின் எஸ்பிரெசிப் நிறுவனத்தின் ஈ.எஸ்.பி. 8266 கம்பியில்லா இணைப்போடு மிக மலிவாகக் கிடைத்தபோது, சீன மொழியில் இருந்த அதன் விளக்கங்களை ஆர்வலரே மொழிபெயர்த்துக்கொண்டனர். 2016இல் அற்மெலை மைக்றோசிப் வாங்கியமையால் பழைய போட்டியாளர் ஒரு கூரையின்கீழ் வந்தனர். 2021 ஜனவரியில் 4 டொலர் விலையில் வெளிவந்த ராஸ்பெரி பை பிக்கோவின் சில்லு 264 கிலோபைற்றுத் தற்காலிக நினைவகம் கொண்டது. 16சி84இன் நினைவகத்தைப்போல் ஏழாயிரம் மடங்கினும் அதிகம். ஆயின், ஏ.ரி.மெகா வகையின் 28 காற்சில்லை நேரே பிரெட்போட்டில் பொருத்தலாம். பிக்கோவின் சில்லோ ஏழு மில்லிமீற்றர்ச் சதுரத்துள் 56 இணைப்புகள் கொண்டு பலகையோடு பிணைந்தே ஆர்வலனின் கைக்கு வருகின்றது. எனவே இன்றைய தேர்வு பெரிதும் சில்லின் தேர்வன்று, பலகையின் தேர்வே. இவ்வெளிமைக்கு ஒரு விலையும் உண்டு. ஆயத்த நூலகங்களின் துணையோடு விளக்கை ஒளிரச் செய்யும் மாணவன், அவ்வொளிக்குப் பின்னே எந்தப் பதிவகத்தில் எந்தப் பிற்று மாறியது என்பதை அறியாமலே இருந்துவிடக்கூடும்.

இவ்வரலாற்றிலிருந்து தேர்வுக்குரிய ஒரு முறைமையைப் பெறலாம். வேகத்தையும் நினைவகத்தையும் ஒப்பிடுமுன், செய்நிரல் எவ்வாறு உள்ளே செல்கின்றது, பிழையுற்றால் திருத்த எவ்வளவு காலமும் பொருளும் செல்லும் என வினவுதல் வேண்டும். அடுத்து, முன்சென்றோர் தம் பட்டறிவை எழுதிவைத்துள்ளனரா, இணைக்கக் கருதும் உறுப்புகள் 5 வோல்ற்றுக்கு உரியனவா 3.3 வோல்ற்றுக்கு உரியனவா என்பவற்றை ஆராய்தல் தகும். கற்பவன் பிழை செய்தே கற்கின்றான். பிழையின் விலை மிகுந்திருந்த காலத்தில் இக்கல்வி தொழிற்சாலைக்கும் செல்வமுள்ள ஆய்வுகூடத்திற்கும் உரியதாயிருந்தது. அவ்விலை குறைந்தபோதே அது மாணவனின் மேசைக்கு வந்தது. எந்தச் சில்லு சிறந்தது என்னும் வினாவுக்கு, கற்போனைப் பொறுத்தவரை, அவன் அஞ்சாது பிழை செய்ய இடந்தரும் சில்லே சிறந்தது என்பதே வரலாறு தரும் விடையாகும்.