உருளைக்கிழங்கும் ஒரு வேத வசனமும்

கெட்டது செய்தவனுக்குக் கெட்டது நடந்தால் போதும், நாம் உடனே தினை-வினை பழமொழியை எடுத்து விட்டுவிடுவோம். கிறிஸ்தவர்களுக்கு இதே கருத்து, பவுல் அப்போஸ்தலர் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 6-ம் அதிகாரத்தில் இருக்கிறது. விதைப்பு எதுவோ அறுவடையும் அதுவே, இதில் கடவுளை ஏமாற்ற முடியாது என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கஜானா சாவியைக் கையில் வைத்திருப்பவர் அடுத்தவனின் பசிக்கு இதையே காரணமாகச் சொன்னால் என்ன ஆகும்? 1840-களின் அயர்லாந்தில் அதுதான் நடந்தது.

அயர்லாந்து அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. நிலம் பெரும்பாலும் பண்ணையார்கள் கையில். அதில் பலர் இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு குத்தகை மட்டும் வாங்குகிறவர்கள். குடியானவன் விளைவித்த தானியமெல்லாம் குத்தகைக்கே சரியாகிவிடும். அவன் குடும்பம் சாப்பிடுவது ஓரமாக ஒரு துண்டு நிலத்தில் போட்ட உருளைக்கிழங்கை. அவ்வளவு சின்ன இடத்தில் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட வேறு பயிரால் முடியாது.

1845-ல் ஒரு நோய் வந்தது. பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிர். இலை கருகும், மண்ணுக்குள் கிழங்கு அழுகிக் கூழாகும். 1846-ல் விளைச்சல் கிட்டத்தட்ட முழுசாகவே போனது. விதைத்தவன் ஒழுங்காகத்தான் விதைத்தான். அறுக்கத்தான் ஒன்றும் இல்லை!

முதல் வருடம் பிரதமராக இருந்த ராபர்ட் பீல், சத்தமில்லாமல் அமெரிக்காவிலிருந்து ஒரு லட்சம் பவுண்டுக்கு மக்காச்சோளம் வாங்கினார். 1846-ல் அவர் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்து வந்த ரஸ்ஸல் அரசில் நிவாரணப் பணத்தின் பிடி யாரிடம் இருந்தது என்றால், கருவூல அதிகாரி சார்லஸ் ட்ரெவெல்யனிடம். நம்ம மெக்காலேயின் மைத்துனர்தான். நல்ல உழைப்பாளி, லஞ்சம் வாங்காதவர், தீவிர பக்தர். (அவர் கெட்ட ஆளாக இருந்திருந்தால் இந்தக் கதை எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!) 1846-ல் ஒரு கடிதத்தில் அவர் எழுதியதன் சாரம் இது: நாம் எதிர்க்க வேண்டிய பெரிய தீமை பஞ்சம் அல்ல, இந்த மக்களின் சுயநலமும் அடங்காத குணமும்தான். சோம்பலையும் உருளைக்கிழங்கையும் நம்பிக் கிடந்தவர்களுக்குக் கடவுள் பாடம் நடத்துகிறார், நடுவில் அரசாங்கம் புகுந்து அதைக் கெடுத்துவிடக் கூடாது என்பது அவர் போன்றவர்களின் எண்ணம்.

சும்மா சோறு போட்டால் கெட்டுப்போவார்கள் என்று ரோடு போடும் வேலை கொடுத்தார்கள். 1847 மார்ச்சில் 7 லட்சம் பேருக்கு மேல் பட்டினி வயிற்றோடு கல் உடைத்தார்கள். அந்த ஏற்பாடு தோற்றபின் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். அது உண்மையிலேயே வேலை செய்தது. 1847 கோடையில் ஒரு நாளைக்கு 30 லட்சம் பேர்வரை சாப்பிட்டார்கள். இலையுதிர் காலம் வருவதற்குள் அதையும் மூடிவிட்டார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணமே கிடையாது என்று சட்டம் வேறு. கஞ்சி வேண்டுமா, நிலத்தை விட்டுக்கொடு!

சந்தையில் கை வைக்கக் கூடாது என்பதும் சேர்ந்துகொண்டது. காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் இந்த இடத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். பஞ்சத்தின்போதும் அயர்லாந்திலிருந்து தானியம் கப்பலேறியது உண்மை. 1847-ல் ஏற்றுமதியைவிட இறக்குமதி அதிகம் என்பதும் உண்மை. ஆனால் அது வந்து சேர்வதற்குள் 1846-47 குளிர்காலம் முடிந்துவிட்டது. வந்த பிறகும் வாங்கக் கையில் காசு வேண்டுமே? டிமாண்ட் என்றால் வெறும் பசி அல்ல, காசோடு வரும் பசி என்று முதல் வருடமே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.

1841-ல் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851-ல் சுமார் 65 லட்சம். பத்து லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். அதற்கும் மேல் கப்பலேறினார்கள்.

எனக்கு உறுத்துவது இதுதான். பவுலின் அதே அதிகாரத்தில், அந்த வசனத்துக்கு ஐந்து வசனம் முன்னால், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லியிருக்கிறது. இரண்டு வசனம் தள்ளி, நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதீர்கள் என்று வருகிறது. விதைப்பவன் நீ, உன் கையில் என்ன விதை இருக்கிறது என்று பார், அவ்வளவுதான் அங்கே பேச்சு. பட்டினி கிடப்பவனைப் பார்த்து "நீ என்ன விதைத்தாயோ" என்று கேட்க அதில் இடமே இல்லை. கோபுரம் இடிந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று பதிலும் சொல்கிறார். லூக்கா 13-ல் இருக்கிறது. ட்ரெவெல்யன் அதைப் படிக்காதவராக இருந்திருக்க முடியாது.

அதே 1847-ல் அமெரிக்காவின் சாக்டா பழங்குடியினர் அயர்லாந்துக்காக 170 டாலர் திரட்டினார்கள். பதினாறு வருடம் முன்புதான் அவர்களையே சொந்த மண்ணிலிருந்து விரட்ட ஆரம்பித்திருந்தார்கள். வழியில் பல ஆயிரம் பேர் செத்தார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது, நவாஹோ, ஹோப்பி பழங்குடியினருக்காக இணையத்தில் திரட்டிய நிதிக்கு அயர்லாந்திலிருந்து பணம் கொட்டியது. பலர் சாக்டா மக்களின் அந்த உதவியை நினைத்தே கொடுத்தார்கள். விதைத்தது ஒரு இனம், விளைந்தது இன்னொரு இனத்தின் வயலில்.

ட்ரெவெல்யன் என்ன அறுத்தார்? 1848 ஜனவரியில் 'எடின்பரோ ரிவ்யூ'வில், பஞ்சம் கடவுளின் ஏற்பாடு என்கிற தொனியில் நீண்ட கட்டுரை எழுதினார். அந்த வருடமே சர் பட்டம். 1859-ல் மெட்ராஸ் கவர்னராக நம் ஊருக்கே வந்தார். இந்தியாவில் வருமான வரி போடக் கிளம்பிய ஜேம்ஸ் வில்சனை வெளிப்படையாக எதிர்த்ததால் 1860-ல் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். இந்த வில்சன்தான் 'எகனாமிஸ்ட்' பத்திரிகையை ஆரம்பித்தவர். அயர்லாந்துக்கு அரசு உதவி கூடாது என்று எழுதிய பத்திரிகை அது :) இரண்டே வருடத்தில் ட்ரெவெல்யன் நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தார். 1886-ல் லண்டனில் இறந்தார்.

அயர்லாந்து ஆடும் கால்பந்து, ரக்பி ஆட்டங்களில் கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடும் ஒரு பாட்டு உண்டு, 'ஃபீல்ட்ஸ் ஆஃப் ஏதன்ரை'. பீட் செயின்ட் ஜான் 1970-களில் எழுதியது. பிள்ளைகளின் பசிக்காகச் சோளம் திருடி நாடு கடத்தப்படும் ஒருவனின் கதை. அவன் திருடியது யாருடைய சோளம் என்று பாட்டில் பெயரோடு வருகிறது. 2012 யூரோ கோப்பையில் ஸ்பெயினிடம் 4-0 என்று தோற்றுக்கொண்டிருந்தபோதும், அயர்லாந்து ரசிகர்கள் நிறுத்தாமல் பாடியது அதைத்தான்.