சத்திரசிகிச்சையிலிருந்து வால்வு வரை: எம்பிசீமா சிகிச்சையின் வரலாறு

மருத்துவ வரலாற்றைச் சாதனைகளின் வரிசையாகக் காண்பது நமது வழக்கம். எம்பிசீமா என்னும் சுவாசப்பை நோயின் வரலாறோ பிறிதொன்றை உணர்த்துகின்றது. ஒரு சிகிச்சை சரியானதா என்பதிலும், அது யாருக்குச் சரியானது என்பதே கடினமான வினாவாகும்.

1819இல் பிரெஞ்சு மருத்துவர் லெனெக் இந்நோயைத் தமது நூலில் தெளிவுற விவரித்தார். பெரும்பாலும் புகைத்தலினால் காற்றுச் சிற்றறைகளின் சுவர்கள் சிதைந்து, சுவாசப்பை மீள்சக்தியை இழக்கின்றது. உட்சென்ற காற்று முற்றாக வெளியேறாது தங்குகின்றது. பருத்த சுவாசப்பை பிரிமென்றகட்டைக் கீழே அழுத்த, நோயாளி மூச்சை உள்ளிழுக்க இடமின்றித் தவிக்கின்றார்.

சிதைந்த பகுதிகளை வெட்டியகற்றினால் எஞ்சியது விரிந்து இயங்கும் என 1950களில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்து ஒட்டோ பிராண்டிகன் கருதினார். கருத்துப் பிழையன்று. ஆயினும் சத்திரசிகிச்சை பெற்றோரில் ஏறத்தாழ ஆறுபேருக்கு ஒருவர் இறந்தனர். நன்மையை நிறுவும் அளவீடுகளும் போதியனவாக இருக்கவில்லை. எனவே அம்முறை கைவிடப்பட்டது.

1990களில் செயின்ற் லூயிஸ் நகரில் ஜோயல் கூப்பர் அதற்குப் புத்துயிரளித்தார். 1995இல் அவர் வெளியிட்ட 20 நோயாளிகளின் முடிவுகள் பேரார்வத்தைத் தூண்டின. சிகிச்சை பரவிய வேகம் ஐயத்தையும் எழுப்பவே, அரச ஆதரவுடன் 1218 நோயாளிகளைக் கொண்ட பரிசோதனை நடாத்தப்பட்டது. 2001இல் அதிலிருந்து ஓர் எச்சரிக்கை வெளிவந்தது. மிக நலிந்த பிரிவினருள் சத்திரசிகிச்சை பெற்ற 69 பேரில் 16 சதவீதத்தினர் 30 நாட்களுக்குள் இறந்தனர். அது பெறாதோருள் அக்காலத்தில் எவரும் இறக்கவில்லை. 2003இல் வெளியான முடிவு மறுபக்கத்தைக் காட்டியது. நோய் மேற்சோணைகளில் மிகுந்தும் உடற்பயிற்சி ஆற்றல் குறைந்தும் இருந்தோருக்கு ஆயுள் நீண்டது.

மார்பைத் திறவாது, குழாய்க்கருவிமூலம் சுவாசக் கிளைக்குழாய்களில் ஒருவழி வால்வுகளைப் பொருத்தும் முறை அடுத்து வந்தது. காற்று வெளியேறும், உட்புகாது, சோணை சுருங்கும். எனினும் 2010இல் வெளியான பரிசோதனையிற் கண்ட பயன் சிறிதே. அயற்சோணையிலிருந்து பக்கவழியாகக் காற்றுப் புகுந்தமை அதற்கொரு முக்கிய காரணமாகும். அத்தகைய கசிவு அற்றோரை முன்னரே சோதித்துத் தெரிந்தபோது பயன் தெளிவாயிற்று. 2018இல் ஐக்கிய அமெரிக்கா இவ்வால்வுகளை அங்கீகரித்தது. அவ்வாண்டு வெளியான பரிசோதனையிலும் வால்வு பொருத்தப்பட்டோரில் நான்கிலொரு பங்கினருக்கு மேல் மார்பறைக்குள் காற்றுக் கசிந்தது. கருவி சிறுத்தமையால் மட்டும் ஆபத்து அகலவில்லை.

பிராண்டிகனின் கருத்து நிலைபெற அரை நூற்றாண்டு சென்றது. இடைக்காலத்தில் மருத்துவம் ஈட்டிய அறிவுள் முதன்மையானது, யாருக்குச் சிகிச்சை அளித்தலாகாது என்பதாகும். அவ்வறிவுக்குத் தம் உயிரை விலையாகக் கொடுத்த நோயாளிகளின் பெயர்கள் எந்த வரலாற்று நூலிலும் இடம்பெறவில்லை. அவர்களையும் எண்ணிப் பார்ப்பது வரலாறு பயில்வோரின் கடமையாகும்.