சீதபேதி என்ற பெயருக்குள் இன்னொரு நோய்

இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் வயதானவர் ஒருவர் "வயித்தக் கடுக்குது, ரத்தமாப் போகுது" என்றால், லயத்தில் முதலில் வாயில் வரும் பெயர் சீதபேதி. பேதி வடமொழியிலிருந்து வந்த சொல். பிளத்தல், உடைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். கட்டிய மலத்தை உடைத்து வெளியேற்றுவதால் கழிச்சல் பேதியாயிற்று. கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்தவர்களை வழியிலும் தோட்டத்திலும் வாரிக்கொண்டு போனவற்றில் வாந்திபேதியும் சீதபேதியும் உண்டு. அந்த நினைவு தலைமுறைகளாகக் கைமாறியதால், மலத்தில் இரத்தம் கண்டால் கெட்ட தண்ணீர், கிருமி என்றே மனம் போகிறது. பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கும்.

ஆனால் கெட்ட தண்ணீரோடு தொடர்பில்லாத ஒரு நோயும் இதே அடையாளத்தோடு வரும். மருத்துவர்கள் அதை 'இஸ்கீமிக் கொலைட்டிஸ்' என்பார்கள். பழைய கிரேக்கத்தில் 'இஸ்கைமோஸ்' என்றால் இரத்தத்தை நிறுத்துவது. காயத்துக்கு இடும் மருந்தைக் குறித்த சொல். காப்பாற்றுவதைக் குறித்த அந்தச் சொல்லை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் நோயியலறிஞர் ருடால்ஃப் விர்ஹோ, உறுப்புக்கு இரத்தம் போதாத கேட்டுக்குப் பெயராக்கினார். பெருங்குடலில் அந்தக் கேடு வந்து, தானே ஆறிவிடுவதும் உண்டென்று 1963இல் அமெரிக்காவின் ஸ்காட் போலி குழுவினர் எழுதினர். 1966இல் இங்கிலாந்தின் ஏட்ரியன் மார்ஸ்டனும் உடனிருந்தவர்களும் இன்றைய பெயரை இட்டனர்.

தமிழில் குருதியூட்டக்குறைப் பெருங்குடலழற்சி என்கிறோம். நீளம்தான்; ஆனாலும் எனக்கு இது நல்ல பெயர். அழல் என்ற வேரிலிருந்து வந்த அழற்சியை மட்டும் சொன்னால் கிருமிதான் நினைவுக்கு வரும். இதில் காரணம் முன்னே நிற்கிறது.

பெருங்குடலுக்கு இரத்தம் கொண்டுவரும் இரண்டு பெரிய நாடிகளின் எல்லைகள் இடப்பக்க மேல்வளைவில் சந்திக்கின்றன. இரண்டு வாய்க்காலுக்கும் அது கடைமடை. இரத்த அழுத்தம் சரிந்தாலோ, உடலில் நீர் வற்றினாலோ முதலில் காய்வது அந்த இடம். அதனால்தான் பெரும்பாலும் இடப்பக்கம் திடீரென வலி பிடித்து, ஒரு நாளுக்குள் இரத்தம் போகிறது. அறுபது தாண்டியவர்கள், இதய நோயாளர், சீனி வியாதிக்காரர், சிறுநீரகக் கோளாறுக்கு இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூட.

மலத்தைச் சோதித்துக் கிருமி இல்லையென்று பார்ப்பார்கள், சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள்; உறுதிசெய்வது குழாய்க் கமெராவால் பெருங்குடலின் உட்சுவரைப் பார்ப்பதுதான். சிகிச்சை என்றால் குடலுக்கு ஓய்வு, சேலைன், தேவைப்பட்டால் நுண்ணுயிர்க்கொல்லி. பெரும்பாலோருக்குச் சில நாட்களில் தணிந்துவிடும். சிலருக்குப் பின்னாளில் குடல் சுருங்கி அடைபடுவதுண்டு. குடற்சுவர் அழுகினால் அறுவைச் சிகிச்சை தவிர வேறு வழியில்லை. அங்கே தாமதம் உயிரை எடுக்கும்.

ஆகவே வீட்டுப் பெரியவருக்கு இப்படி நேர்ந்தால் பேதியைக் கட்டும் குளிசையைக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். கிளினிக் கொப்பியையும் குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "சீதபேதி" என்று நீங்களே பெயர் வைக்காமல், எந்தப் பக்கம் வலித்தது, வலி முதலா இரத்தம் முதலா என்பதைச் சொல்லுங்கள்.