ஸ்மெதிக் தேர்தல் (1964)

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பர்மிங்காம் நகரை அடுத்துள்ள ஸ்மெதிக் என்னும் தொழில் நகரத்தில், 1964 அக்டோபர் 15 அன்று நடந்த பொதுத் தேர்தல், நிறத்துவேஷம் ஒரு கட்சியின் கோட்டையையே தகர்க்க வல்லது என்பதைப் பிரிட்டிஷ் அரசியல்வாதிகளுக்கு ஐயமறக் காட்டியதாகும்.

யுத்தத்துக்குப் பின் ஆள் பற்றாக்குறையால் தவித்த இந்நகரத்து வார்ப்படத் தொழிற்சாலைகளுக்கு, 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அளித்த பாத்தியதையோடு பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்கள் உழைப்பை நல்கினர். ஆயினும் வீட்டுப் பஞ்சத்துக்கான பழி அவர்கள் தலையிலேயே விழுந்தது. மதுச்சாலைகள் பலவற்றில் அவர்களுக்கு அனுமதி இல்லை. தொழிற்கட்சியாரின் மன்றத்திலேயே இந்த நிறபேதம் நிலவியது என்பது மிகவும் வேதனைக்குரியது.

கன்சர்வேட்டிவ் அபேட்சகர் பீட்டர் கிரிஃபித்ஸ் குடியேற்ற எதிர்ப்பையே பிரதானப் பிரசாரமாகக் கொண்டார். கறுப்பர் அண்டை வீட்டுக்கு வர வேண்டுமானால் தொழிற்கட்சிக்கு வாக்களியுங்கள் என்னும் கருத்தை இழிசொல்லால் கூறிய வாசகம் ஊரெங்கும் பரவியபோது, அது ஜனங்களின் உணர்ச்சி என்று கூறி, அதனைக் கண்டிக்க அவர் மறுத்தார். நாடு முழுவதும் வாக்குகள் ஏறத்தாழ 3.5 சதவீதம் தொழிற்கட்சியின் பக்கம் சாய, ஸ்மெதிக்கிலோ 7.2 சதவீதம் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. வெளிநாட்டு மந்திரியாவார் என எதிர்பார்க்கப்பட்ட தொழிற்கட்சி அபேட்சகர் பாட்ரிக் கார்டன் வாக்கர் 1,774 வாக்குகளில் தோற்றார். தோற்றும் மந்திரியாக்கப்பட்ட அவர், 1965 ஜனவரியில் லேட்டன் இடைத்தேர்தலிலும் 205 வாக்குகளில் தோற்றுப் பதவி விலகினார்.

மார்ஷல் வீதியில் காலியாகும் வீடுகளை வாங்கி வெள்ளையருக்கே அளிக்க நகரசபை முற்பட்டதும், 1965 பிப்ரவரியில், தாம் கொலையுண்பதற்கு ஒன்பது நாள் முன்னர் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அவ்வீதியில் நடந்ததும் உலகின் கவனத்தை ஈர்த்தன. எனினும் அத்தேர்தல் விளைத்த பெருந்தீங்கு ஸ்மெதிக்கில் அன்று, லண்டனிலேயே நேர்ந்தது என்று கூறுதல் தகும். கிரிஃபித்ஸைப் பார்லிமெண்டில் ஒதுக்கி வைக்க வேண்டுமென முழங்கிய தொழிற்கட்சிப் பிரதமர் ஹெரால்டு வில்சனின் அரசே, 1965 ஆகஸ்டில் காமன்வெல்த் தொழிலாளருக்கான அனுமதியை ஆண்டுக்கு 8,500 ஆகக் குறைத்தது. அவ்வாண்டே இயற்றப்பட்ட இன உறவுச் சட்டமோ வேலையிலும் வீடு பெறுவதிலும் நேர்ந்த பேதத்தைத் தொடவில்லை.

1966 தேர்தலில் தொழிற்கட்சியின் ஆண்ட்ரூ ஃபால்ட்ஸிடம் கிரிஃபித்ஸ் தோற்றார். ஆயினும் 1968 இல், கென்யாவிலிருந்து வெளியேறிய இந்திய வம்சாவளியினர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தும் தடையின்றிப் பிரிட்டனுள் நுழைய இயலாதபடி, சில நாட்களிலேயே சட்டம் இயற்றியதும் அதே வில்சன் அரசுதான்.