கார் ஷெட்டில் ஒரு புதன்கிழமை

1975 மார்ச் 5. புதன்கிழமை சாயந்திரம். நல்ல மழை. கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், கார்டன் ஃபிரெஞ்ச் என்கிற எஞ்சினீயரின் வீட்டு கார் ஷெட்டுக்குள் 32 பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பலருக்கு உட்கார நாற்காலிகூட இல்லை. என்ன ரகசியக் கூட்டம் என்கிறீர்களா? கம்ப்யூட்டர் பற்றிப் பேசத்தான்!

இதில் என்ன அதிசயம் என்று நினைக்கலாம். அந்தக் காலத்தை யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் என்றால் பல்கலைக்கழகத்திலும் பெரிய கம்பெனியிலும் ஏ.சி. ரூமில் குடியிருக்கும் சமாச்சாரம். கிட்டப்போகவே அனுமதி வேண்டும். அதை வீட்டுக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் சிரித்திருப்பார்கள்.

அந்தச் சிரிப்பை நிறுத்தியது ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ பத்திரிகையின் 1975 ஜனவரி இதழ். அட்டையில் ‘ஆல்டேர் 8800’ என்ற பெட்டி. விலை 397 டாலர். பணம் அனுப்பினால் உதிரி பாகங்கள் தபாலில் வரும், நாமே பற்றவைத்துக்கொள்ள வேண்டியது. கீபோர்டு கிடையாது, திரை கிடையாது. முன்பக்கம் வரிசையாக சுவிட்சுகள், சிவப்பு விளக்குகள். மெமரி வெறும் 256 பைட். நீங்கள் படிக்கிற இந்தப் பாராவைக்கூட அதில் அடைக்க முடியாது! ஆனாலும் நியூ மெக்ஸிகோவில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியில் ஆர்டர்கள் வந்து குவிந்தன.

அந்தப் பெட்டியில் ஒன்றுதான் அன்று கார் ஷெட்டில் நடுநாயகமாக இருந்தது.

கூட்டத்தைக் கூட்டியவர்களில் இன்னொருவர் ஃபிரெட் மூர். இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். விமானப்படை அதிகாரியின் மகன். 1959-ல், 18 வயதில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கட்டாய ராணுவப் பயிற்சி கூடாது என்று படிக்கட்டில் உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தவர். பிறகு ராணுவத்துக்கு ஆள் எடுப்பதை எதிர்த்து ஜெயிலுக்கும் போனார். 1971-ல் ஒரு பத்திரிகையின் மூடுவிழாவில், ‘நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்’ என்று கூட்டத்தின் முன் 20,000 டாலரை நீட்டினார்கள். விடிய விடிய விவாதம். கடைசியில் மிச்சமிருந்த சுமார் 15,000 டாலர் யார் கையில் வந்தது தெரியுமா? பணமே பெரிசில்லை என்று வாதாடிக்கொண்டிருந்த ஃபிரெட் மூரின் கையில்! மனிதர் அதை ஒரு டப்பாவில் போட்டு வீட்டுப் பின்பக்கம் புதைத்து வைத்தார்.

இப்படிப்பட்டவர் ஆரம்பித்த சங்கம் எப்படி இருக்கும்? உறுப்பினர் கட்டணம் பற்றி யாரும் கவலைப்படவில்லை. தெரிந்ததைச் சொல், தெரியாததைக் கேள். அவ்வளவுதான் சட்டம். ‘ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்’ என்று பெயர் வைத்தார்கள்.

ஏப்ரலில் நடந்த கூட்டம் ஒன்றைப் பற்றி இன்றுவரை பேசுகிறார்கள். ஸ்டீவ் டாம்பியர் என்பவர் தன் ஆல்டேரோடு வந்தார். பக்கத்தில் ஒரு சாதாரண ரேடியோவை வைத்தார். சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டித் தட்டி புரோகிராமை ஏற்றினார். எல்லாம் முடிகிற நேரத்தில் யாரோ ஒயரில் கால் தடுக்க, கரண்ட் போயிற்று. அத்தனையும் காலி! மனிதர் அசரவில்லை. மறுபடி முதலிலிருந்து தட்டினார். ரேடியோவிலிருந்து பீட்டில்ஸ் பாட்டு ஒன்று வந்தது!

கம்ப்யூட்டர் ஓடும்போது அதன் மின்காந்தக் கசிவு பக்கத்து ரேடியோவில் கரகரக்கும். எந்தக் கட்டளையை எத்தனை தடவை சுற்றவிட்டால் என்ன ஸ்வரம் வருகிறது என்று டாம்பியர் கண்டுபிடித்திருந்தார். முடிந்ததும் ஒரு நிமிஷம் நிசப்தம். அப்புறம் கைதட்டல். இரண்டாவதாக ‘டெய்ஸி’ பாட்டு. 1961-ல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ராட்சச ஐ.பி.எம். மெஷின் பாடிய அதே பாட்டு. 14 வருஷத்தில் அது மேஜைமேல் வந்துவிட்டது.

கூட்டம் பெருகி, ஸ்டான்ஃபோர்டு துகள் முடுக்கி ஆராய்ச்சிக்கூடத்தின் அரங்கத்துக்கு மாறியது. லீ ஃபெல்சென்ஸ்டைன் கையில் குச்சியோடு சபையை நடத்தினார். ‘என்கிட்டே இன்ன பார்ட் இருக்கு, எனக்கு இன்ன உதவி வேணும்’ என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். பிறகு யாராவது தான் செய்ததை விளக்குவார். அதற்கப்புறம் கும்பல் கும்பலாகக் கூடிப் பேச்சு, பண்டமாற்று.

பின்வரிசையில் கூச்சத்தோடு ஒரு இளைஞர் உட்கார்ந்திருப்பார். முதல் நாள் மழையில் வந்தவர்களில் இவரும் ஒருவர். ஹ்யூலெட்-பேக்கார்டில் வேலை. அன்றிரவு வீட்டுக்குப் போய் ஒரு மைக்ரோபிராசஸரின் விவரத்தாளைப் படித்ததும் ‘அட, இதை நானே செய்யலாமே!’ என்று தோன்றிற்று. ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை, அவர் கீபோர்டில் தட்டிய எழுத்து அவர் செய்த மெஷினின் திரையில் தெரிந்தது. வரைபடத்தைக் காபி எடுத்துக் கிளப்பில் இலவசமாக விநியோகித்தார். பெயர் ஸ்டீவ் வாஸ்னியாக். ‘ஏம்ப்பா சும்மா கொடுக்கறே, விற்கலாமே’ என்று சொன்ன நண்பரின் பெயர் ஸ்டீவ் ஜாப்ஸ். 1976 ஏப்ரலில் ஆப்பிள் கம்பெனி பிறந்தது.

தகராறும் அங்கேதான் பிறந்தது. ஆல்டேருக்கு ‘பேஸிக்’ மொழியை எழுதியவர்கள் பில் கேட்ஸும் பால் ஆலனும். ஹார்டுவேரோடு வாங்கினால் மலிவு, தனியாக வாங்கினால் 500 டாலர் வரை. பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. 1975 ஜூனில் பாலோ ஆல்டோ ஓட்டல் ஒன்றில் நடந்த விளம்பரக் காட்சியில், அந்த பேஸிக் இருந்த காகித நாடா ஒன்று காணாமல்போனது. அடுத்த கூட்டத்தில் பெட்டி நிறைய பிரதிகள்! ‘ஒன்று எடுத்தால் இரண்டாகத் திருப்பிக் கொண்டுவா’ என்பதுதான் நிபந்தனை. (கம்ப்யூட்டர் வாங்கும்போது ‘சாஃப்ட்வேர் எல்லாம் சும்மா போட்டுக் கொடுத்துடுங்க’ என்று கேட்ட அனுபவம் நமக்கும் இருப்பதால், ரொம்பத் திட்ட வேண்டாம்.)

1976 பிப்ரவரியில் 20 வயது பில் கேட்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதினார். உங்களில் பெரும்பாலோர் திருடர்கள் என்கிற தொனி. 40,000 டாலருக்கு மேல் பெறுமான கம்ப்யூட்டர் நேரம் செலவு, ராயல்டியைக் கணக்குப் பார்த்தால் மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்றார். நியாயம்தான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் நேரம் ஹார்வர்டுடையது, அரசாங்கப் பணத்தில் ஓடியது என்பதைக் கடிதத்தில் சேர்க்க மறந்துவிட்டார். கிளப்காரர்களுக்குக் கோபம். ஒருவர், டாம் பிட்மன், தானே சின்னதாக ஒரு பேஸிக் எழுதி 5 டாலருக்கு விற்றார். வாங்கினார்கள்! லி-சென் வாங் என்பவர் தான் எழுதிய பேஸிக்கின் தலையில் ‘காப்பிரைட்’டுக்குப் பதில் ‘காப்பிலெஃப்ட்’ என்று குறும்பாகப் போட்டு இலவசமாக வெளியிட்டார். யார் பக்கம் நியாயம்? உழைத்தவனுக்குக் காசு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த இலவச வரைபடங்கள் இல்லாவிட்டால் பில் கேட்ஸின் சரக்கை வாங்க ஆளே இருந்திருக்க மாட்டார்கள் என்பதிலும்தான்.

கிளப்பிலிருந்து கம்பெனிகள் முளைத்தன. நேற்றுவரை ரகசியமில்லாமல் பேசியவர்கள், ‘அதை இப்போ சொல்ல முடியாது’ என்று நழுவ ஆரம்பித்தார்கள். 1986 டிசம்பரில் கடைசிக் கூட்டம் நடந்தது. ஃபிரெட் மூர் அதற்கு வெகு முன்பே, கிளப் ஆரம்பித்துச் சில மாதங்களிலேயே, விலகி சமாதான இயக்க வேலைகளுக்குத் திரும்பியிருந்தார். 1997-ல் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். கம்ப்யூட்டரில் அவர் பணம் எதுவும் பண்ணவில்லை.