மிதந்தால் சூனியக்காரி

2018 டிசம்பர் வரை கனடாவின் குற்றவியல் சட்டத்தில் சூனியத்துக்கு ஒரு பிரிவு இருந்தது. இலக்கம் 365. நம்ப முடியவில்லையா? அந்தப் பிரிவை வாசித்தால் ஒன்று விளங்கும். சூனியம் செய்தவரை அது தண்டிக்கவில்லை. சூனியம் செய்வதாகச் சொல்லி ஏமாற்றியவரைத்தான் தண்டித்தது. சட்டம் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் பல்லாயிரம் பேர் செத்துப்போனார்கள்.

15 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் 40,000 முதல் 60,000 பேர் வரை சூனியக் குற்றம் சாட்டிக் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலானோர் பெண்கள். ஜெர்மன் நாடுகளில் எரித்தார்கள், இங்கிலாந்தில் தூக்கிலிட்டார்கள்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கைகால்களைக் கட்டி, கயிறு போட்டுத் தண்ணீரில் இறக்கினார்கள். மிதந்தால் தண்ணீரே அவளை ஏற்கவில்லை, ஆகவே சூனியக்காரி. தாழ்ந்தால் நிரபராதி, ஆனால் கயிற்றை இழுக்கப் பிந்தினால் உயிர் போய்விடும். உடம்பில் மச்சம் இருந்தால் ஊசியால் குத்தினார்கள். வலிக்காவிட்டால் அது பிசாசு வைத்த அடையாளம்.

1692இல் அமெரிக்காவின் சேலம் ஊரில் (தமிழ்நாட்டுச் சேலம் அல்ல) இதைவிட மோசமான சாட்சியை ஏற்றார்கள். "அவளுடைய ஆவி வந்து என்னைக் கிள்ளியது" என்று ஒருவர் சொன்னால் போதும். "நான் வீட்டில் நித்திரையாக இருந்தேன்" என்று மறுத்தும் பயனில்லை. வந்தது உடம்பு அல்லவே, ஆவிதானே! 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அதில் நின்றவர்கள் தப்பினார்கள்; மறுத்தவர்கள் தொங்கினார்கள். அடுத்த ஆண்டு புதிய நீதிமன்றம் ஆவிச் சாட்சியை ஒதுக்கியதும் பெரும்பாலானோர் விடுதலையானார்கள்.

நான் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். எந்த உள்ளீடு கொடுத்தாலும் ஒரே பதிலைச் சொல்லும் சோதனையை நாங்கள் சோதனை என்றே எடுப்பதில்லை. சேலத்தில் நடந்தது அதுதான்.

1735இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சூனிய வழக்குகளை நிறுத்தி, ஏமாற்றுவதை மட்டும் குற்றமாக்கியது. கனடா 1892இல் அதே கருத்தைத் தன் சட்டத்தில் எழுதிக்கொண்டது. மோசடிக்கு வேறு சட்டம் இருப்பதால் 2018இல் நீக்கியது.

சட்டம் போய்விட்டது, பேச்சு போகவில்லை. கடை நட்டப்பட்டாலும் பிள்ளைக்கு வருத்தம் வந்தாலும் "ஆரோ செய்வினை செய்துபோட்டினம்" என்று நம் வீடுகளில் இன்றும் சொல்வார்கள். பிறகு ஒரு பெயர் வரும். அநேகமாக ஒரு மச்சாளின் பெயர், அல்லது தனியாக வாழும் ஒரு மாமியின் பெயர். தூக்குக்கயிறு இல்லை, ஆனால் கொண்டாட்டங்களுக்கு அவரைக் கூப்பிடமாட்டார்கள்.

அசாமில் பிருபாலா ராபாவின் மகன் நோயுற்றபோது, மூன்று நாளில் சாவான் என்றார் ஊர் மந்திரவாதி. மகன் சாகவில்லை. அவர் யோசிக்கத் தொடங்கினார். பிறகு, சூனியக்காரி என்று பெயர் சூட்டப்பட்ட பெண்களைக் காப்பாற்றுவதே அவர் வாழ்க்கையானது. 2021இல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஆகவே வீட்டில் அப்படி ஒரு பெயர் அடிபட்டால் நீங்களும் மரியாதையாகக் கேளுங்கள்: "அவர் செய்யவில்லை என்றால், அதை அவர் எப்படிக் காட்டலாம்?"