மேசை நடுவில் பூ வந்த கதை

கல்யாண ரிசப்ஷன் மேசைகளின் நடுவே பூ வைப்பது ஐரோப்பாவிலிருந்து வந்த வழக்கம். ஆனால் அங்கேயே ஒரு காலத்தில் பூவுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. ஏன் தெரியுமா? நடுவில் சாப்பாடு இருந்தது!

பிரெஞ்சு முறை விருந்தில் பல பதார்த்தங்களை ஒரே நேரத்தில் மேசை முழுக்கப் பரப்பி விடுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்ய முறை பரவியது. அதில் பணியாளர்கள் ஒவ்வொரு பதார்த்தமாகக் கொண்டு வந்து பரிமாறினார்கள். மேசையின் நடு காலியானது. அந்த இடத்தைப் பூவும் பழமும் பிடித்துக்கொண்டன.

உடனே புதுத் தலைவலி. அலங்காரம் வளர வளர எதிரில் இருப்பவர் முகம் மறைந்தது. 1861-இல் லண்டன் தோட்டக்கலைச் சங்கப் போட்டியில் பரிசு வாங்கிய தாமஸ் மார்ச்சின் கண்ணாடித் தாங்கி இதற்கு வழி சொன்னது. கீழே அகலமான தட்டு, மேலே சிறிய தட்டு, இரண்டிலும் பூ. இடையில் மெல்லிய தண்டு மட்டும். அதாவது, கண் மட்டத்தில் மறைப்பே இல்லை.

அடுத்த பிரச்சினை செலவு. முடி துறந்த எட்டாம் எட்வர்டின் 1937 திருமணத்துக்குப் பூ அலங்காரம் செய்தவர் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை. அரச குடும்பத்துக்கே வேலை செய்த அவர், முட்டைக்கோஸ் வகைக் கீரையின் இலைகளையும் வேலியோரச் செடிகளையும் கூசாமல் ஜாடியில் வைத்தவர். அழகுக்கு விலை உயர்ந்த பூ தேவையில்லை என்று புத்தகங்களிலும் எழுதினார்.

ஆகவே நண்பர்களே, உங்கள் அக்கா கல்யாணத்துக்குப் பூ தேர்வு செய்யும்போது விலையைக் கேட்பதற்கு முன் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். எதிரில் இருக்கும் மாமா முகம் தெரிகிறதா? தெரிந்தால் அதுவே நல்ல அலங்காரம். விருந்தாளிகள் பேசிக்கொள்ளத்தானே அந்த மேசை!